நாடா இறுக்கிய இடம்

நைனா,

நீ புனேயிலிருந்து கூரியரில் அனுப்பிய க்ரீம் போன வாரமே வந்து சேர்ந்துவிட்டது. நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளப் போவதும் இல்லை. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால், வாயைத் திறக்கும்போதே "அம்மா, நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்கிறாய். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இத்தனை நாளில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. பிறந்ததிலிருந்து என்னைப் போர்த்தியிருக்கும் தோலைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இவ்வளவு வயசு வரை வாழ்ந்துவிட்டேன். தெரிந்துகொண்டதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன். கடைசிவரை படி. அப்புறம் பேசு.

புண் எவ்வளவு பெரிசு என்று கேட்டாய், எத்தனை நாளாக என்று கேட்டாய். எங்கே என்று நீ கேட்கவே இல்லை. கேட்கக் கூச்சப்பட்டிருப்பாய். எழுத எனக்குக் கூச்சம் இல்லை. வலது பக்க இடுப்பில், பாவாடை நாடாவை முடிச்சுப் போடுகிற இடத்தில். நம் நிலத்தில் நாற்று நட இறங்கும்போது புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகுவோம். குனிந்து குனிந்து நடும்போது அது நழுவிச் சேற்றில் விழாமல் இருக்க, நாடாவை மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்குவோம். பிறகு நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் கம்பெனி வேலைக்குப் போனேன். அச்சில் வார்த்து வரும் ரப்பர் வளையங்களின் ஓரத்துப் பிசிறை வெட்டி எடுக்கிற வேலை. ஷிப்டு முழுக்க நின்றபடியே செய்ய வேண்டும். காலையில் உள்ளே நுழைந்ததும் சூப்பர்வைசர் கத்துவார், "யாரு பொடவ தொங்குது? மெஷின்ல மாட்டினா நான் பொறுப்பு கெடையாது." உடனே நாங்கள் எல்லாரும் இன்னொரு தடவை இறுக்குவோம். பை கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் வீட்டுச் சாவி, லாக்கர் சாவி, சுருக்குப்பை எல்லாம் அதே நாடாவில் தொங்கும். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் தெரியும். கறுத்து, தடித்து, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட இடம் மாதிரி இருக்கும். எங்கள் லைனில் அத்தனை பெண்களுக்கும் அது இருந்தது. எல்லாருக்கும் இருப்பதை யார் நோய் என்று நினைப்பார்கள்?

அரித்தது. படர்தாமரை என்று நினைத்தேன். மெடிக்கல் கடையில் சொன்னேன், ஒரு ட்யூப் கொடுத்தார். இடத்தைக் காட்டு என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் காட்டியிருக்க மாட்டேன். போட்டால் அடங்கும், விட்டால் வரும். அப்படியே வருஷங்கள் ஓடின. பிறகு தோல் வெடித்தது, வெடிப்பு புண்ணானது. பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் புண்மேல் வைத்து, அதன் மேலேயே நாடாவைக் கட்டினேன். கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டியிருக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். ஏற்றினால் அது நழுவி அந்தப் பள்ளத்துக்கே வந்து உட்காரும், கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நான் செய்தேன்.

கம்பெனியில் என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் கோமளாவை உனக்குத் தெரியும். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும்போது என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாக்கா இது, இடுப்பாண்ட ஈரம்?"

"தண்ணி பட்டிருக்கும், வுடு."

"தண்ணி செவப்பாவா இருக்கும்? காட்டு."

"போடி அந்தாண்ட. இங்க நின்னுக்கினா காட்டுவாங்க?"

"அப்ப பாத்ரூமுக்கு வா. நீயா வரியா, இல்ல லைன்ல இருக்கற எல்லாரையும் கூப்ட்டு இஸ்துக்கினு போவட்டா?"

போனேன். பார்த்தாள். மடித்து வைத்திருந்த துணியை விலக்கி, குனிந்து ஓரத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, "இது படர்தாமரை இல்லக்கா. ஓரமெல்லாம் காலிபிளவரு மாதிரி கெளம்பிக்கினு கீது. நாளைக்கு லீவு போடு, நானும் போடறேன்" என்றாள்.

கும்மிடிப்பூண்டி டாக்டர் ஓரத்திலிருந்து கடுகளவு சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு உன் போனுக்குத்தான் வந்தது, ஏனென்றால் நம்பர் கேட்டபோது கோமளா உன் நம்பரைக் கொடுத்திருந்தாள். "சாதாரணக் கட்டிதாம்மா, மெட்ராஸ்ல காட்டினா கரைச்சிடுவாங்க" என்று என்னிடம் சொன்னாய். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டாய். கோமளாவிடமும் சத்தியம் வாங்கினாய், அதைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள். என் இடுப்பில் என்ன இருக்கிறது என்று புனே வரைக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, சென்னையில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் கோமளாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து வந்திருந்த எல்லம்மா. என் வயசுதான் இருக்கும். மூக்கோரம் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். நாஷ்டா ஆச்சா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஒனக்கு எங்க கேன்சரு?"

"எனக்கு அதெல்லாம் இல்ல. வெறும் கட்டி."

"யாரு சொன்னது?"

"எம் புள்ள."

"ஒம் புள்ள டாக்டரா?"

"இன்ஜினியரு."

"அப்ப மெஷினுக்கு இன்னா கோளாறுன்னு அவனக் கேளு. ஒனக்கு இன்னான்னு தோ, அந்தப் போர்டுல எழுதிக்கீது. படிப்பியா, நான் யார்னா கூப்டட்டா?"

படித்தேன். அஞ்சாவதோடு என்னை நிறுத்தினார்கள், மிச்சத்தை உன் பாடப்புத்தகங்களை வைத்து நானே படித்துக்கொண்டவள் நான். தோல் புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதியிருந்தது. கோமளாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன் என்று நினைக்காதே. முதலில் உன்மேல் கோபம் வந்தது. அது கொஞ்சம் ஆறியதும், தோலுக்குக்கூடவா இது வரும் என்று தோன்றியது. வயிற்றுக்கு வரும், மார்புக்கு வரும், புகையிலை போடுகிறவர்கள் வாய்க்கு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தோலுக்கு? அந்த ஒரே போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவருக்கு வந்தது மாதிரி இன்னொருவருக்கு வரவில்லை. அப்புறம் எனக்குப் பொறுக்கவில்லை, விசாரிக்க ஆரம்பித்தேன்.

எல்லம்மாவுக்கு மூக்கோரம் மச்சம் மாதிரி பளபளவென்று கறுப்பாக ஒன்று வந்து, வருஷக்கணக்கில் மெதுவாக வளர்ந்து, நடுவில் குழி விழுந்திருக்கிறது. மூக்குத்தி போட்ட மாதிரி அழகாக இருக்கிறது என்று மருமகள் சொன்னாளாம். ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் அவள் முகத்தில் விழாத நாள் இல்லை. அந்த வகை மெல்ல ஊரும், வேறு இடத்துக்குத் தாவுவது மிகவும் அபூர்வம். ஆனால் விட்டால் மூக்கையே அரித்துவிடும். அதைப் படலம் படலமாகச் சீவி எடுத்து, ஒவ்வொரு படலத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஓரம் சுத்தமானதும் நிறுத்திவிடுவார்களாம். "மூக்குல இன்னா கெலோ கணக்குலயா சதை கீது, அள்ளி எடுக்க?" என்று சிரித்தாள். எதிரில் பொன்னேரிக்காரர் ஒருவர். இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலையில் வேலை. உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி வந்ததை, இரும்புத்தூள் ஏறிவிட்டது என்று பிளேடால் கீறிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு வந்திருப்பது இந்தக் கூட்டத்திலேயே பொல்லாதது, மச்சத்தின் கறுப்பைச் செய்கிற அணுக்களிலிருந்து கிளம்புவது. காலில் வந்ததற்குத் தொடை இடுக்கில் ஏன் ஊசி குத்திச் சோதிக்கிறார்கள் என்று அவருக்கே விளங்கவில்லை. அந்தக் கேள்வியை அவருக்காகவும் நான் உள்ளே கொண்டுபோனேன்.

டாக்டர் உன் வயசுப் பெண். கோப்பைப் பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி கோமளாவிடம் பேச ஆரம்பித்தார். "அவளப் பாக்காதீங்க டாக்டரம்மா, புண்ணு என்னுது" என்றேன். சிரித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை, நானும் எதையும் கேட்காமல் விடவில்லை. எனக்கு வந்தது தோலின் மேலடுக்குச் செதில்களிலிருந்து கிளம்பும் வகை. வெயிலால் மட்டும் வருவதில்லை. ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பு, ஒரே இடத்தில் வருஷக்கணக்காக உராய்வது, இவற்றிலும் வருமாம். நாடா கட்டுகிற பெண்களுக்கும், வேட்டியை இறுக்கிக் கட்டுகிற ஆண்களுக்கும் இடுப்பில் இப்படி வருவதைப் பார்த்திருக்கிறார்களாம். எல்லம்மாவுடையதைவிட வேகம், பொன்னேரிக்காரருடையதைவிட நிதானம். ஆனால் நிணநீர் ஓடும் வழியில் தொடை இடுக்குக்குப் போகக்கூடியது. அங்கே இருக்கும் நிணநீர் முடிச்சுகள், ஆந்திரா எல்லையில் லாரிகளை நிறுத்துகிற செக்போஸ்ட் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். சரக்கு தாண்டிவிட்டதா என்று பார்க்க அங்கேதான் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு இடுக்கிலும் அக்குளிலும் ஸ்கேன் பார்த்தார்கள். இதுவரை எதுவும் தென்படவில்லை. பொன்னேரிக்காரருக்குப் பாதத்தில் அகலமாக வெட்டி எடுப்பார்கள். முடிச்சைத் தாண்டிப் போயிருந்தால், உடம்பின் சொந்தக் காவலை உசுப்பிவிடுகிற மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். சிலருக்குக் கட்டியின் மரபணுவைச் சோதித்து அதற்கு ஏற்ற மாத்திரை. இதையெல்லாம் யார், எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்? கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த தடவை கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.

நேற்று முன்தினம் இரண்டாம் தடவை போனபோது உன் க்ரீமை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்தேன்.

"இது எங்கேருந்து கெடச்சுது?"

"எம் புள்ள அனுப்பிக்கீறான். கத்தி வேணாம், இதத் தடவினா போயிடும்னு நெட்ல போட்டிருக்காம்."

"நல்ல மருந்துதாம்மா. உங்களுக்கில்ல."

"அப்ப யாருக்கு?"

"ரொம்ப மெல்லிசா, மேலாப்பல மட்டும் இருக்கறவங்களுக்கு. அந்த மாதிரிச் சின்னதுக்கு ஐஸைவிடச் சில்லுனு இருக்கற திரவத்தத் தெளிச்சு உறைய வெச்சும் எடுப்போம், சொரண்டிட்டுச் சூடு வெச்சும் எடுப்போம். உங்களுது கீழ எறங்கிடுச்சு. இதத் தடவினா மேல ஆறின மாதிரி தெரியும், அடியில அது பாட்டுக்குப் போயிட்டிருக்கும்."

எனக்கு உடனே நம் கொல்லைமேட்டுக் கோரைப்புல் ஞாபகம் வந்தது. மருந்தடித்தால் தாள் காய்ந்து தரை சுத்தமாகத் தெரியும். கிழங்கு அடியில் இருக்கும். அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகக் கிளம்பும். மண்ணோடு தோண்டி, சுற்றிலும் கொஞ்சம் நல்ல மண்ணையும் சேர்த்து எடுத்தால்தான் போகும். டாக்டர் செய்யப் போவதும் அதுதான். புண்ணைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, ஓரம் சுத்தமா என்று பரிசோதிப்பார்கள். இடுப்புத் தோல் தளர்வானது, இழுத்துத் தைத்துவிடலாம். போதாவிட்டால் தொடையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டுவார்கள். ஓரம் சுத்தமில்லை என்று வந்தால் இன்னொரு தடவை வெட்ட வேண்டியிருக்கலாம், அல்லது கதிர்வீச்சு. முதலிலேயே கதிர்வீச்சு மட்டும் வைத்தால் என்ன என்று உனக்காக நானே கேட்டேன். அறுவை தாங்காதவர்களுக்கு அது நல்ல வழியாம், பல வாரங்கள் தினமும் வந்துபோக வேண்டும். என் இதயமும் சர்க்கரையும் ஒழுங்காக இருப்பதால் எனக்கு முதல் வழி கத்திதான் என்றார். நீ தீபாவளி லீவில் வரும்வரை தள்ளிப்போடலாமா என்றும் கேட்டேன். மறைக்காமல் பதில் சொன்னார். இப்போது இடுக்கு சுத்தமாக இருக்கிறது, தீபாவளிக்கும் அப்படியே இருக்கும் என்று அவரால் சொல்ல முடியாது.

"தையல் ஆறினப்புறம் பொடவ எங்க கட்றது?" என்று கேட்டேன்.

"கொஞ்ச மாசத்துக்கு நாடாவே கூடாது. நைட்டி போடுங்க. அப்புறம் அகலப் பட்டி வெச்ச பாவாட, லூசா."

"நைட்டிய மாட்டிக்கினு தெருவுல போறதாக்கா? அதுக்குத் தனியா மயக்க ஊசி போடணும் ஒனக்கு" என்றாள் கோமளா. டாக்டரே சிரித்துவிட்டார். எங்கள் லைன் பெண்கள் இப்போது சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமில் ஒருவர் இடுப்பை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வெறும் தடிப்புதான். உன் மனைவியிடமும் இதைச் சொல். சுடிதார் நாடாவும் நாடாதான்.

உனக்குக் கத்தி என்றால் ஏன் பயம் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவை வயிற்று அறுவைக்கு உள்ளே கொண்டுபோனதையும், அவர் திரும்பி நடந்து வராததையும் பார்த்தவன் நீ. அறுத்ததால்தான் போனார் என்று அன்றைக்கு உன் பெரியப்பா சொன்னது உன் மனசில் தங்கிவிட்டது. நான் பார்த்தது வேறு. டாக்டரின் அறைக்குள் உன் பெரியப்பாவும் சித்தப்பாவும் போவார்கள், கதவைச் சாத்துவார்கள், வெளியே வந்து "வயித்துப் புண்ணுதான்" என்பார்கள். மாதக்கணக்கில் அதையே சொன்னார்கள். சாதாரணப் புண்தானே என்று அவரும் அறுவடை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். கடைசியாக உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "எனக்கு இன்னான்னு ஒனக்காவது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை. அவர் நம்பவில்லை. நானும் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் போனார். அவருக்குச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை, அது யாருக்கும் தெரியாது. ஆனால் எப்போது அறுப்பது என்று அவர் முடிவு செய்திருப்பார். என்னை நம்பியிருப்பார். நீ உன் பெரியப்பாவைப் போல என்னிடம் நடந்துகொண்டாய். பாசத்தில் செய்தாய் என்று தெரியும். அவர்களும் பாசத்தில்தான் செய்தார்கள்.

வரும் வியாழக்கிழமை காலை எனக்கு அறுவை. புதன்கிழமையே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிடுவேன். நீ போனில் எவ்வளவு கத்தினாலும் இது மாறாது. எல்லாம் பேசி முடித்த பிறகு நர்ஸ் சம்மதப் படிவத்தை எடுத்து, "பையன் வந்து கையெழுத்துப் போடட்டும்மா" என்றார். "அறுக்கப் போறது என்னையா, பையனையா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முழுக்கப் படித்தேன். புரியாத இரண்டு இடங்களை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் பெயரை எழுத்துக்கூட்டாமல் நேராக எழுதினேன். அதற்குக் கீழே சாட்சி என்று இன்னொரு கோடு இருந்தது. கோமளா பேனாவுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை வரைக்கும் அந்தக் கோடு காலியாக இருக்கட்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். சரி என்றார். நீ வராவிட்டால் கோமளா போடுவாள், எதுவும் நின்றுபோகாது. வந்தால், படிவத்தில் நான் எழுதியதை ஒரு தடவை படித்துவிட்டு, எனக்குக் கீழே உன் பெயரை எழுது.

அம்மா